இரண்டு கோட்டைகளுக்காகத் தவறவிட்ட காலைப் பலகாரம்

பகல் பன்னிரண்டே கால். சங்ககிரி மலைக்கோட்டைப் படியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை, விரல்களில் நடுக்கம்.

ஒரே நாளில் கொடுமுடி காவிரி, சங்ககிரி, நாமக்கல் கோட்டைகள் என்று தேர்ந்தெடுத்துக் கோவையிலிருந்து கிளம்பியிருந்தோம். கொடுமுடியில் அவருடைய சித்தி வீட்டில் பலகாரம் என்பதால், சர்க்கரை மாத்திரையைக் காரிலேயே போட்டுக்கொண்டார். ஊர் நெருங்கியதும் எனக்கு யோசனை வந்தது.

"ஏனுங்க, உள்ள போனா மத்தியானச் சோறு போடாம உடமாட்டாங்க. ரெண்டு கோட்டையும் பாக்க முடியாமப் போயிருமுங்க."

"சித்திகிட்ட தப்பிக்கறதுன்னா சரிதான்," என்று சிரித்தார். ஆற்றை மட்டும் பார்த்துவிட்டுச் சங்ககிரிக்கு வந்து ஏறினோம்.

இப்போது தோளைத் தொட்டேன். என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க யாருங்க அம்மணி?"

பையில் தண்ணீர் மட்டுமே இருந்தது. "ஆராச்சும் வாங்களே!" என்று கத்தினேன். எதிரொலிதான் வந்தது. மறுபடி கத்தினேன். மேலிருந்து ஒரு பெண் ஓடி வந்து மாம்பழ ஜூஸ் பாட்டிலைத் திறந்தார்.

"மெதுவாக் குடிங்கண்ணா, முழுங்குங்க."

பாதி பாட்டில் குடித்த பின், "ஏன் அம்மணி அழுகறே?" என்று கணவர் என்னிடம் கேட்டார். அங்கிருந்தே மருத்துவமனைக்குப் போனோம். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார்கள்.

இப்போதெல்லாம் சாப்பாடு எங்கே என்று முடிவான பிறகே கோட்டையைத் தேர்ந்தெடுக்கிறோம். அதுவும் நாளுக்கு ஒன்றுதான். இலையில் பலகாரம் வைத்த பிறகே மாத்திரை. கைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்கிறேன்.

அந்தச் சில நிமிடங்கள் அவருக்கு நினைவில்லை.