மண்ணெண்ணெய் வாசனை

புதுவாயல் கூட்டுரோட்டில் என் சைக்கிள் கடைக்குப் பக்கத்துக் கொட்டகைதான் மணவாளன் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப். டீசல் வண்டி என்றால் கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வரைக்கும் அவரைத்தான் தேடி வருவார்கள். கைராசிக்காரர். வாய்தான் கொஞ்சம் நீளம். பானட்டைத் தூக்கும் முன்பே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருந்து தொலைக்கும். நான் சொல்ல வந்தது அந்தப் பத்தாவது தடவையைப் பற்றி.

எழுபத்தாறில் நடந்தது. பக்கத்துக் கிராமத்தில் நெல் வயல் வைத்திருந்த பூவராகவனிடம் ஒரு பழைய பெரிய கார் இருந்தது. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் வைத்தது. பதினோரு வருஷமாக அதை ஓட்டியவர் முனுசாமி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஐப்பசியில் திடீரென்று ஏழெட்டு மைல் போனதும் இருமி இருமி நிற்க ஆரம்பித்தது. கால் மணி நேரம் விட்டால் கிளம்பும். பிறகு மறுபடி நிற்கும்.

ஒரு நாள் காலையில், ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்காக டீக்கடையில் கூடி நிற்கிற நேரத்தில், மேஸ்திரி அந்த வண்டியின் ஃபில்டரைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார்.

“இன்னா முனுசாமி, டீசல்ல மண்ணெண்ண வாசன தூக்குது?”

“நான்தாம்பா காலைல ஃபில்டர மண்ணெண்ணெயில கழுவுனேன்.”

அதை யார் கேட்டார்கள்? கூட்டம் சிரித்துவிட்டது. டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிற டிரைவர்கள் கதை எல்லோருக்கும் தெரியும். கூட வந்திருந்த பூவராகவன் அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டார்.

டீசல் திருடன் என்று பெயர் எடுத்தவனுக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? முனுசாமி இரும்புக் கம்பெனி வாசலில் கூலிக்கு நின்றார். என் கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனாலும் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரனுக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் போனது. புது டிரைவர், புது ஃபில்டர், பங்க்கில் முதலாளி கண்ணெதிரே பிடித்த டீசல். வண்டி அதே ஏழெட்டு மைலில் நின்றது. பூவராகவன் வந்து கத்தினார். மேஸ்திரிக்கு முகம் செத்துவிட்டது.

“ஸ்பானர் வேணாம். நானும் ஒக்காந்துகினு வர்றேன், ஓட்டு,” என்றார். துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் பூவராகவன்.

எளாவூர் தாண்டியதும் நின்றது. டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மேஸ்திரி பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. டிரைவர் டீசல் ஏற்றும் கைப்பம்பை நாலு தடவை அடித்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மேஸ்திரி மூடியைத் திருப்பிப் பார்த்தார். டீசல் வெளியே போகப் போக டேங்க்குக்குள் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. அதில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. மேலே குங்குமம்.

வைத்தது யார் என்று எனக்கும் மேஸ்திரிக்கும் தெரியும். ஆயுத பூஜையன்று ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டிக்கெல்லாம், வயிறு நிறையட்டும் என்று சொல்லி டேங்க் மூடியில் கட்டைவிரலால் சந்தனம் அப்புவது அவர் பழக்கம். பூஜைச் சந்தனத்தை யார் துடைப்பார்கள்?

“பேசாம ஊசியால குத்தி உட்டுடு மேஸ்திரி. பம்பு கோளாறுன்னு சொல்லிக்கலாம்,” என்று காதில் சொன்னேன். சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவர் மூடியை எடுத்துக்கொண்டு நேரே பூவராகவனிடம் போனார். “ஐயா, இது நான் வெச்ச சந்தனம். மண்ணெண்ணன்னு சொன்னதும் நான்தான். முனுசாமி ஒரு சொட்டு எடுக்கல.”

அங்கிருந்து வண்டி நேராக முனுசாமி வீட்டுக்குப் போனது. பூவராகவன் சாவியை நீட்டினார். முனுசாமி வாங்கவில்லை. அவர் மனைவி அஞ்சம்மாள்தான் பேசினாள்.

“ஊட்டாண்ட வந்து சொன்னா ஆச்சா மேஸ்திரி? டீக்கடையில அத்தினி பேர் எதிர்ல சொன்னீங்களே, அங்க சொல்லுங்க.”

மறுநாள் காலை, அதே கூட்டம். மேஸ்திரி டீக்கடை பெஞ்சு மேல் ஏறி நின்றார். “முனுசாமி திருடல. தப்பு என்னுது. நான் வெச்ச சந்தனம்தான் டேங்க்க அடச்சிக்கினு இருந்திச்சு.”

விழுந்து விழுந்து சிரித்தார்கள். “நீயெல்லாம் மேஸ்திரியா?” என்றான் ஒருவன். சிரிப்பு ஓயும்வரை அவர் நின்றார். அடுத்த பஸ்ஸுக்கு ஆட்கள் கூடினார்கள். அன்றைக்கு இவர்களும் இருந்தவர்கள்தானே என்று அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னார். எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் முனுசாமி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பஸ்ஸுக்கும் ஆட்கள் கூடினார்கள். மேஸ்திரி மறுபடி வாயைத் திறந்தபோது முனுசாமி ரோட்டைக் கடந்து வந்து அவர் கையைப் பிடித்தார்.

“போதும் மேஸ்திரி. எறங்கு.”