முன்வளையத்தின் நான்கு திருகுகள்

மச்சானுக்குத் தன் தங்கச்சி புருஷனைவிடப் பெண்டாட்டியின் தம்பி பெரிசாகப் போய்விட்டான். லாரி மெக்கானிக்கின் நெஞ்சில் ஆறு வருஷமாகக் கிடந்த முள் இதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன் துப்பாக்கிச் சங்கத்தில் அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி, அறுநூறு மீட்டர் தூரம். ரைபிள்மேல் குறிபார்க்கும் ஸ்கோப்பைப் பூட்டிக் கொடுத்தவர் மெக்கானிக்கின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். சங்கத்தின் பட்டறை அவர் பொறுப்பில் இருந்தது. முதல் நாள் சுட்டுப் பார்த்தபோது ஐந்து குண்டும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் அடங்கின. மறுநாள் போட்டியிலோ குறியின் உயரத்தைத் திருத்தும் மேல் குமிழை எத்தனை சொடுக்கு திருப்பினாலும் குண்டு கீழேயே விழுந்தது. கடைசியில் ஒரே தாவலாகத் தாவி இலக்குப் பலகைக்கு மேலே போனது. மெக்கானிக்குக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். அணிக்குப் போனவன் மச்சானின் மச்சினன், அவர் பெண்டாட்டியின் தம்பி. இதற்குமேல் என்ன விசாரணை வேண்டும்?

அன்று மாலையே மனைவியிடம் சொல்லிவிட்டான், உன் அண்ணன் கைவரிசையைக் காட்டிவிட்டார் என்று. அவள் ஒரு மாதம் நம்பவில்லை. பிறகு நம்பினாள். நம்பிய நாள் முதல் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

மச்சானுக்குச் சங்கத்தில் பெயர் அரைநூல். எதை நீட்டினாலும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "அரைநூல் இடிக்குதே" என்பார், மயிரிழை அளவு பிசகுகிறது என்று அர்த்தம். பூட்டு பழுதுபார்க்கும் கடையில் ஆரம்பித்து, தையல் மிஷின், தட்டச்சு மிஷின் என்று ஒவ்வொன்றாக ஏறி ரைபிளுக்கு வந்து சேர்ந்த ஆள். கழற்றிய திருகுகளை வந்த வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வைப்பார். வீட்டுக் கதவின் கீலைக் கழற்றினாலும் அதே அட்டைதான். சாப்பாட்டுத் தட்டு மேஜை விளிம்போடு ஒட்டி நேராக இல்லையென்றால் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கை வைப்பார். இப்படிப்பட்ட மனுஷன் தவறுதலாக ஒரு வேலையைக் கெடுப்பாரா? தெரிந்துதான் கெடுத்திருப்பார். மெக்கானிக்கின் வாதம் அது.

இந்த வருஷம் தூரத்தை ஆயிரம் மீட்டராக்கிவிட்டார்கள். மெக்கானிக் புது ஸ்கோப் வாங்கியிருந்தான். அதற்கு அடியில் வைக்கும் பட்டையும் பிடித்து நிறுத்தும் வளையங்களும் பட்டறைக்காரர் கையால்தான் ஏற வேண்டும், அவர் கையெழுத்தும் வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். வேறு வழியில்லாமல் போனான். போகும்போது பழைய ஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டான். அது அவனுடைய சாட்சிப் பொருள். போட்டி முடிந்ததும் வளையங்களோடு அப்படியே கழற்றி, துணியில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தான். சாவி அவன் இடுப்பில். ஆறு வருஷத்தில் மனைவியைக்கூடத் தொட விட்டதில்லை.

"வாங்க மாப்ளே" என்றார் அரைநூல். ஆறு வருஷம் என்னாச்சு என்று கேட்கவில்லை. அதுவே மெக்கானிக்குக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர் மூன்று பட்டைகளை மேஜையில் வைத்தார். இரண்டு துண்டாக வருவது வேண்டாம், ஒன்றுக்கொன்று நேராக நிற்காவிட்டால் ஸ்கோப் முறுக்கிக்கொள்ளும் என்றார். அலுமினியம் எடை குறைவு, ஆனால் இந்த ரைபிள் கனமானது, எடையைப் பார்க்க வேண்டியதில்லை, ஒரே துண்டு எஃகு போதும் என்றார். மெக்கானிக் அவர் காட்டியதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் முதலில் எடுத்துப் பார்த்தான். பிறகு எஃகுப் பட்டையைச் சமதளத்தில் வைத்து ரசமட்டத்தை ஏற்றினான். குமிழி ஒரு பக்கமாக ஓடியது.

"இது கோணலா கடைஞ்ச பீஸு மச்சான். யார் தலையில கட்டலாம்னு வெச்சிருந்தீங்க?"

"பின்பக்கம் ஒசந்துதான் இருக்கணும். ஆயிரம் மீட்டர்ல குண்டு எவ்வளவு எறங்கும்? ஸ்கோப் கொஞ்சம் கீழ பாத்தாத்தான் குழல் மேல பாக்கும். மட்டமா போட்டீங்கன்னா குமிழு பாதியிலயே முட்டிக்கும்."

மெக்கானிக் கைபேசியை எடுத்து, இன்னொரு ஊர்ப் பட்டறைக்காரனுக்குப் போன் போட்டு, அவர் எதிரிலேயே விசாரித்தான். அவனும் அதையேதான் சொன்னான். இவன் அவரோட ஆளோ என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

வளையத்தின் அளவு பார்க்க வேண்டும், பழைய ஸ்கோப் இருக்கிறதா என்று அரைநூல் கேட்டார். அவன் துணியைப் பிரித்து நீட்டினான். ஆனால் ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தான். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி முன்வளையத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திருகு முடுக்கும் ஆலன் கீயை அவனிடமே கொடுத்து, நீங்களே கழற்றுங்கள் என்றார்.

கழற்ற முடியவில்லை. நான்கு திருகுகளின் குழியும் முனை மழுங்கி வட்டமாகியிருந்தது. ஒருவழியாக நெம்பித் திறந்தபோது, குழாயைச் சுற்றி வளையத்தின் விளிம்பு நகக்கீறல்போல ஆழமாகப் பதிந்திருந்தது. வளையம் கவ்விய இடமே உள்ளே நெளிந்திருந்தது.

"இவ்வளவு நசுங்கினா, குமிழைத் திருப்பறப்போ உள்ளே இருக்கற குழாய் எப்படி நகரும்? சிக்கிக்கும். சுடற அடி விழ விழ விடுபட்டுத் தாவும். பின்வளையத்தைப் பாருங்க, அது நான் வெச்சபடி இருக்கு" என்றார் அரைநூல். அளவோடு முடுக்கிச் சொடுக்குச் சத்தம் வந்ததும் நின்றுவிடும் சாவி ஒன்று சுவரில் தொங்கியது. அதைத்தவிர வேறு எதையும் தாம் தொடுவதில்லை என்றார்.

மெக்கானிக்குக்குக் காது சூடேறியது. போட்டி அன்று காலை, வண்டி நிறுத்தும் இடத்தில், மச்சானின் மச்சினனும் இதே பட்டறையில்தான் பூட்டினான் என்று கேள்விப்பட்டு, அவர் வேலையை நம்பாமல் டூல்ஸ் பெட்டியைத் திறந்தது ஞாபகம் வந்தது. ஆலன் கீயின் வாலில் ஒரு குழாய்த் துண்டைச் சொருகி, முன்வளையத்தின் நான்கு திருகுகளுக்கும் ஆளுக்கொரு கால் சுற்று. பின்வளையத்துக்குப் போவதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். லாரிச் சக்கர நட்டை எப்போதும் அப்படித்தான் ஒரு மிதி கூடுதலாக மிதிப்பான். அவன் கணக்கில் அது முறுக்கியதே அல்ல, சரிபார்த்தது. அதனால்தான் ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

அவரே இப்போது ஏதாவது செய்து நசுக்கியிருப்பாரோ என்று ஒரு நொடி பார்த்தான். ஸ்கோப் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. பீரோ சாவியும் அவனிடம்தான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மச்சான்."

"எங்க காட்டினீங்க? நேரா வீட்டுக்குப் போய்த் தங்கச்சிகிட்டல்ல சொன்னீங்க."

அரைநூல் எஃகுப் பட்டையைப் பூட்டினார், அகல வளையங்களை வைத்தார், புது ஸ்கோப்பை உட்கார்த்தினார். ஒவ்வொரு திருகுக்கும் சொடுக்குச் சத்தம் கேட்டது. மெக்கானிக் பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டிருந்தான். தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவன் கிளம்பும்போது அவர் பழைய ஸ்கோப்பைத் துணியில் சுற்றவில்லை. அப்படியே எடுத்து அவன் கையில் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க மாப்ளே. இதைக் கொண்டுபோய் என் தங்கச்சிகிட்டக் காட்டுங்க. யாரு முறுக்கினதுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க."