நான்கு மணி நேரத்தில் ஈரோடு போய்விடலாமா?

இது சுற்றிப்பார்க்கப் போன பயணம் இல்லை. ஒரு சுற்றறிக்கையில் இருந்தது உண்மையா என்று பார்க்கப் போன பயணம். போன மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்து கிடந்த சமயம். நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

என் பழைய மாணவி மகேஸ்வரி போன் செய்தாள். குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். அவள் மகள் கயல்விழி, அங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கபடிக் குழுவில் நல்ல ரைடர். விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் இடமே கிடைத்தது. குழுவில் இல்லை என்றால் கட்டணச் சலுகை போய்விடும், சலுகை போனால் மூன்றாம் ஆண்டு சந்தேகம்தான்.

அந்தப் பல்கலைக்கழகம் இதுவரை டெல்டா கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் லீக்கில் ஆடி வந்தது. மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று எங்கே ஆட்டம் என்றாலும் பெண்கள் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். இப்போது அதை விட்டுவிட்டு ஈரோடு, கோயம்புத்தூர் பக்கத்து லீக்குக்கு மாறலாமா என்று யோசிக்கிறார்கள். அங்கே ஆட்டம் பெரியது, பெரிய குழுக்களுக்கு ஆள் எடுப்பவர்களும் பார்க்க வருவார்கள். பெற்றோர் சம்மதம் கேட்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. வழவழப்பான தாள், வண்ணப் படம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கு ஈரோடு, ஆட்டம் முடிந்து இரவு எட்டுக்குள் வளாகம் திரும்பலாம் என்று போட்டிருந்தது. அடியில் "சம்மதம்" என்று ஒரே ஒரு கட்டம். சம்மதம் இல்லை என்பவர்கள் எங்கே குறிப்பது? அதற்கு இடமே இல்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது.

"இவரு கையெழுத்துப் போட்டுட்டாரு டீச்சர்" என்றாள் மகேஸ்வரி. "கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டு உக்காந்திருந்தப்ப ஒரு ஆளு வந்து வாங்கிட்டுப் போயிருக்கான். இவரு என்னன்னு நெனச்சுப் போட்டாரோ. டோக்கனுக்கு, நெல்லோட ஈரப்பதத்துக்குன்னு அங்க ஆயிரம் பேப்பரு. நாளைக்கு இவ ராத்திரி பன்னண்டு மணிக்கு வந்து எறங்குனா, அன்னைக்கோட ஆட்டத்தை நிறுத்திருவாரு. எட்டு மணிங்கிறது நெசமான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

கணவரிடம் நேரே கேட்கக் கூடாதா என்றேன். "கேட்டா இப்பவே நிறுத்திட்டா?" என்றாள்.

சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று முதல் நாள் மாலையே ரயிலில் குத்தாலம் போய் அவள் வீட்டில் தங்கினேன். கணவர் கணேசன் வீட்டில் இல்லை, நெல்லுக்குக் காவல் இருந்தார். கயல் தோசை வார்த்துப் போட்டாள். உனக்கு என்னம்மா விருப்பம் என்று கேட்டேன். "போணும் டீச்சர்" என்றாள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

இனி கணக்கு. குத்தாலத்தில் காலை 5.20க்குப் பேருந்து ஏறினேன். கும்பகோணம் 6.10. பதினைந்து நிமிடம் காத்திருந்து அடுத்த பேருந்து, தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம் 7.40. பாபநாசம் தாண்டி ஓரிடத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பேருந்து மறு பாதியில் ஊர்ந்தது. ஓட்டுநர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் வீட்டு நெல்லும் எங்காவது ஒரு சாலையில் கிடந்திருக்கும்.

தஞ்சாவூரில் 7.55க்குக் கிளம்பி 9.25க்குத் திருச்சி. சுற்றறிக்கைக் கணக்குப்படி இந்நேரம் கயல் ஈரோட்டு மைதானத்தில் கால் உதறிக்கொண்டிருக்க வேண்டும். நான் திருச்சியில் இட்லி தின்றுகொண்டிருந்தேன்.

9.45க்குக் கரூர் பேருந்து. வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். குளித்தலை வரையிலும் அதற்குப் பிறகும் காவிரி அடிக்கடி கண்ணில் படும், வாழைத் தோப்புகளுக்கு நடுவே. நம் ஊரில் வாய்க்காலாகப் பிரிந்து வரும் ஆறு இங்கே அகண்டு கிடக்கிறது. மாசியில் மணல்தான் அதிகம். கரூர் 11.50. அங்கே டீக்கடையில் பக்கத்தில் நின்ற சுற்றுலா வேன் ஓட்டுநரிடம் கேட்டேன், குத்தாலத்திலிருந்து ஈரோட்டுக்குத் தனி வண்டி என்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று.

"தனி வண்டின்னா ஆறு மணி நேரம்மா. பொம்பளப் புள்ளைங்க வண்டின்னா ரெண்டு எடத்துல நிறுத்தணும்ல, ஆறரை."

"நாலு மணி நேரம்னு போட்டிருக்காங்களே?"

"யாரு ஓட்டுறாங்களாம்? அவங்க வண்டில ஏறிடாதீங்க" என்று சிரித்தார்.

12.15க்குக் கிளம்பி ஈரோடு சேர்ந்தபோது மணி 2.05. மொத்தம் எட்டே முக்கால் மணி நேரம், ஏறக்குறைய 265 கிலோமீட்டர். காத்திருந்ததைக் கழித்தால் ஏழரை. என் வகுப்பில் நான் ஒரு கணக்கு போடுவேன்: ஒரு பேருந்து மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது, இருநூற்று நாற்பது கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம்? பிள்ளைகள் "நாலு மணி நேரம் டீச்சர்" என்று கத்துவார்கள். நானும் சரி போடுவேன். அந்தப் பேருந்து எங்கும் நின்றதில்லை, யாரும் அதில் ஏறியதில்லை, அதன் முன்னால் யாரும் நெல் காயப்போட்டதில்லை. சுற்றறிக்கை எழுதியவர் அந்தப் பேருந்தில்தான் எங்கள் பெண்களை ஏற்றியிருக்கிறார்.

அப்படிப் பார்த்தால், பத்து மணி ஆட்டத்துக்குப் பெண்கள் விடியற்காலை மூன்றுக்கே கிளம்ப வேண்டும். ஆறரை மணி நேரம் உட்கார்ந்து கால் மரத்துப்போனவளைக் களத்தில் இறக்கி ரைடு போகச் சொல்வார்கள். நான்கு மணிக்கு ஆட்டம் முடிந்து கிளம்பினால் வளாகம் வர பத்தரை, அதன் பிறகு அவரவர் கிராமம். இது தெரியாமல் எழுதிவிட்டார்களா? தெரிந்தே எழுதினார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் அதே வழியில் குத்தாலம் திரும்பினேன். நேரே கொள்முதல் நிலையத்துக்கு ஆட்டோவில் போனேன், மூன்று கிலோமீட்டர். களத்தில் பத்துப் பன்னிரண்டு குவியல், மேலே தார்ப்பாய். கணேசன் எழுந்து வந்து, "வாங்க டீச்சர், வெயில்ல வந்திருக்கீங்களே" என்று ஒரு சாக்கை உதறிப் போட்டார். பக்கத்துக் குவியலில் கண்ணாடி போட்ட ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "இவருதான் பாஸ்கரு. கயலு படிக்கிற எடத்துல விளையாட்டு ஆபீஸ்ல இருக்காரு" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

"கையெழுத்து வாங்கினது நீங்கதானா?" என்றேன். குரலில் வகுப்பறை வந்துவிட்டது.

"நான்தான் டீச்சர். என் நெல்லும் பத்து நாளா இங்கதான் கெடக்கு. அப்பாமாரு பாதிப் பேரு இங்கயே இருக்காங்க. வீடு வீடா ஏன் அலையணும்னு கட்டோட எடுத்துட்டு வந்தேன்."

"ஈரப்பதப் பேப்பர்னு நெனச்சுப் போட்டிருக்காங்களே, அது?"

பாஸ்கர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேரு அப்படிப் போட்டுட்டாங்க. அப்புறந்தான் எனக்கே தெரிஞ்சுது. தப்புத்தான்."

"அந்த ரெண்டு பேருல நான் இல்ல" என்றார் கணேசன். "நான் படிச்சுட்டுத்தான் போட்டேன் டீச்சர். ரெண்டு தடவ படிச்சேன்."

மூன்று நாளாக எல்லாரையும் சந்தேகப்பட்டேன், இவரை மட்டும் ஏமாந்தவர் என்று முடிவு கட்டியிருந்தேன். மகேஸ்வரிக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா, நீங்க இத்தன நாளா பொழுது சாயக் கூடாதுன்னு சொன்னதெல்லாம் என்னாச்சுன்னு கேப்பா. பதில் சொல்லணுமே" என்றார்.

நான் என் தாளை எடுத்து நேரங்களைப் படித்தேன். தனி வண்டிக்கே ஈரோடு ஆறரை மணி நேரம் என்றதும் கணேசன் பாஸ்கரைப் பார்த்தார்.

"என்னய்யா, நாலுன்னு போட்டிருக்கு?"

"அன்னைக்கே திரும்பிரலாம்னு போட்டாத்தான் இந்த ஊரு அப்பனுங்க சம்மதிப்பாங்கன்னு மேல சொல்லிட்டாங்க. அதுக்குத் தோதா நேரத்தையும் குறைச்சுப் போட்டாங்க."

"எங்களுக்கு என்ன தோதுன்னு எங்கள யாரு கேட்டா? ராவுல ரோட்டுல வண்டியில வர்றதுக்கு அங்கயே தங்கிட்டு வரட்டுமே! முந்துன நாளே போயித் தங்கி, தூங்கி எந்திரிச்சு ஆடட்டும். பொழுது சாயறதுக்குள்ள வான்னா, நடு ரோட்டுல இருக்காதன்னு அர்த்தம். ஆட்டத்துக்கே போகாதன்னா சொன்னேன்?"

பாஸ்கரின் பையில் மிச்சப் படிவங்கள் இருந்தன. அதில் ஒன்றின் பின்பக்கத்தில் கணேசன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: லீக் மாற எங்களுக்குச் சம்மதம். அன்றே திரும்பும் பயணத்துக்குச் சம்மதம் இல்லை. முதல் நாள் போய்த் தங்க இடம், கூடவே தங்க ஒரு பெண் பயிற்சியாளர், இரண்டையும் எழுத்தில் தர வேண்டும். கணேசன் அதைக் களத்தில் சத்தமாகப் படித்தார். ஒரு வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார் ஒருவர், ஈரப்பதப் பேப்பர் என்று முன்பு கையெழுத்துப் போட்டவர். ஒன்பது அப்பாக்கள் போட்டார்கள். பாஸ்கரும் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டுத்தான் வாங்கினார். அதை நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அதன் பின் சுற்றறிக்கை திருத்தி வந்தது. தங்கும் ஏற்பாடு உண்டு என்கிறது, எங்கே என்று சொல்லவில்லை. லீக் மாறுவதா என்ற முடிவும் இன்னும் வரவில்லை. கயல் காலையும் மாலையும் பயிற்சிக்குப் போகிறாள்.

பிள்ளைகளை வெளியூர் ஆட்டத்துக்கு அனுப்பும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். அச்சில் வந்த நேரத்தை நம்பாதீர்கள், ஒரு தடவையாவது பேருந்தில் போய்ப் பாருங்கள். எனக்குப் போக மட்டும் முந்நூறு ரூபாய்க்குள்தான் ஆனது. கும்பகோணத்திலும் கரூரிலும் சுத்தமான கழிப்பறை தேடி அலைய வேண்டியிருந்தது, பெண்கள் குழு என்றால் நிறுத்தும் இடங்களை முன்பே கேட்டு வையுங்கள். சம்மதம் கேட்டு வரும் தாளில் மறுப்பதற்குக் கட்டம் இல்லை என்றால் அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும், அங்கே எழுதுங்கள்.

அன்று கொள்முதல் நிலையத்திலிருந்து நான் கிளம்பியபோது ஆட்டோ வரை கூடவே வந்தார் கணேசன். ஏறி உட்கார்ந்த பிறகு குனிந்து, பாஸ்கருக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "ஈரோட்டுல நீங்க தங்குன எடத்துல, உள்பக்கத் தாழ்ப்பாள் கெட்டியா இருந்துச்சா டீச்சர்?"

இருந்தது என்றேன். "அப்ப அந்த எடத்துப் பேரை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.