கால் கிலோ ரப்பர் மீனை எறியப் போன கதை

1. தொங்கவிட்டது

தன் நீளத்தில் பாதி இருக்கும் இன்னொரு மீனை எந்த மீனும் கடிக்காது என்று நான் நம்பினேன். அதுவும் தூண்டில் கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டே நம்பினேன். சின்ன மீனுக்குச் சின்ன இரை, பெரிய மீனுக்குக் கொஞ்சம் பெரிய இரை, அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

கடை ரங்கூன் லான்மடாவில் இருந்தது. முதலாளி முத்தையா அண்ணன். வலை, நைலான் நூல், ஈயம், முள் எல்லாம் ஆற்றுக்காரர்களுக்கு. ராடு, ரீல், லூர் என்கிற போலி இரை எல்லாம் வைத்த ஒரு கண்ணாடி அலமாரி ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீனவர் ஆகும் கனவான்களுக்கு. இரண்டாயிரத்தைத் தாண்டிய ஒரு வருடம், மழை தொடங்கும் நேரத்தில், பாங்காக்கிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. திறந்தால் ஒவ்வொன்றும் ஒரு முழ நீளத்தில் ரப்பர் மீன்கள். செதில், கண், துடுப்பு எல்லாம் அச்சு அசல். வால் மட்டும் கரண்டி மாதிரி. ஒன்று கால் கிலோ கனம். கூட வந்த கேட்லாக்கில் ‘பிக் ஸ்விம்பெயிட், பாஸ் மீனுக்கு’ என்று, அதாவது நீந்தும் பெரிய இரை என்று, போட்டிருந்தது. பாஸ் என்ற மீன் எங்கள் தண்ணீரிலேயே கிடையாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கொடுவாவும் விராலும்தான்.

ஆகவே இது கடை ஜோடனைக்கு இலவசமாக வந்த சாமான் என்று முடிவு செய்து, கயிற்றில் கோர்த்து வாசலில் தோரணம் கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்து லத்தா சந்தைக்குப் போகும் பெண்கள் நின்று விசாரித்தார்கள். ஒரு அம்மாள் வாலைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் சரியாக் காயலையே, கிலோ என்ன விலை?” என்று கேட்ட சமயத்தில்தான் அண்ணன் வந்து இறங்கினார்.

“ராஜு, என்னடா இது? தூண்டில் கடையா, கருவாட்டுக் கடையா?”

“ஜோடனைண்ணே.”

“ஜோடனையா! நான் ஆர்டர் போட்டு வரவழைச்ச சரக்குடா அது. கொடுவாவுக்கு.”

“இதக் கண்டா கொடுவா பயந்து ஓடிரும்ணே.”

அண்ணன் தோரணத்திலிருந்து ஒரு மீனை அவிழ்த்துக் கவுண்டரில் வைத்தார். பிறகு சாந்தமாகப் பேசினார். அவர் சாந்தமாகப் பேசினால் எனக்கு ஏதோ தண்டனை தயார் என்று அர்த்தம்.

“இந்த ஊர்ல இத எறியற ஆளு ஒருத்தர்தான் இருக்காரு. காண்ட்ராக்டர் ஊ மியின். அவருக்கு ராடு, ரீல், நூல், ரப்பர் மீனு, முழு செட்டா நீ விக்கிற. வித்தா கவுண்டர் உனக்கு. விக்கலேன்னா பசுந்தாங் கிடங்குல போய் வலை எண்ணு.”

பசுந்தாங் கிடங்கு ஓடைக்கரையில் இருந்தது. தார் பூசிய வலை, எலி, வாய் திறக்காத ஒரு காவலாளி. எனக்கோ பேச்சுதான் பிழைப்பு. கவுண்டரில் நின்றால் நாளைக்கு முப்பது பேரிடம் வாயாடலாம். கிடங்கில் எலியிடம்தான் வாயாட வேண்டும்.

2. ஐம்பது பவுண்டு

ஊ மியின் பாலம், வாய்க்கால் கட்டும் பெரிய மனிதர். வெற்றிலை வாய், நிதானமான பேச்சு. அவரிடம் நான் பேசியது பர்மீயத்தில். இங்கே நம் பாஷையில் எழுதுகிறேன்; ஐயா என்பதற்கான ‘சயா’ மட்டும் அப்படியே.

பெரிய இரை என்றால் பெரிய ராடு என்று என் புத்தி சொன்னது. கடையிலேயே தடிமனான ராடை எடுத்து நீட்டினேன். படகிலிருந்து ஈயம் கட்டி நேராகக் கீழே இறக்குகிற ராடு அது. குட்டை. உலக்கை மாதிரி வளையாது.

“இதுல எவ்வளவு கனம் எறியலாம்?” என்றார்.

கைப்பிடிக்கு மேலே எழுத்து இருந்தது. படித்தேன். “அம்பது பவுண்டு, சயா! ரப்பர் மீனு என்ன, என் மச்சானையே கட்டி எறியலாம்.”

“அது நூலோட பலம். லூரோட எடை அவுன்ஸ்ல போட்டிருக்குமே, அது எங்க?”

அது எங்கும் இல்லை. எறியாத ராடில் எறியும் எடையை யார் எழுதுவார்கள்? எனக்கு அப்போது அது புரியவில்லை. “அழிஞ்சிருச்சு போல, சயா” என்றேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த லூரையும் நீந்தவைத்துக் காட்டாமல் விற்பதில்லை. வாசலில் ஒரு தண்ணீர் டிரம் இருக்கும். அதில் ஒரு சுற்று இழுத்துக் காட்டினால், வால் ஆடுகிறதா, சாய்கிறதா என்று வாடிக்கையாளர் பார்த்துக்கொள்வார். ரப்பர் மீனை டிரம்மில் விட்டேன். மூக்கு ஒரு பக்கம் இடித்தது, வால் மறுபக்கம் இடித்தது, அப்படியே நின்றுவிட்டது.

“இது நீந்துதா, இல்ல பஸ்ஸுல இடம் கிடைக்காம நிக்குதா?” என்றார் ஊ மியின். “நீந்துறதப் பார்க்காம நான் வாங்கமாட்டேன். ஞாயித்துக்கிழமை பெரிய தண்ணியில காட்டு.”

ஆற்றில் காட்டலாம். ஆனால் அது மழைக்காலத்து ஆறு. விட்ட சாமான் ஒரு சாணுக்குக் கீழே தெரியாது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஒரு பௌத்த மடத்துக் குளம் எனக்குத் தெரியும். படியோரத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும். அங்கே மீன் பிடிக்கக் கூடாது. ஆனால் முள்ளைக் கழற்றிவிட்டால் அது மீன்பிடிப்பு ஆகாதே! இந்தச் சட்டத்தை நானே இயற்றி நானே நிறைவேற்றினேன்.

3. தொப்

அந்தக் குளம் மற்ற குளங்களைப் போன்றதல்ல. புண்ணியத்துக்காகச் சனங்கள் சந்தையில் உயிர் மீன் வாங்கி வந்து அங்கே விடுவார்கள். அப்புறம் வாரா வாரம் வந்து தீனி போடுவார்கள். அங்கே தண்ணீரில் எது ‘தொப்’ என்று விழுந்தாலும் அது சாப்பாடுதான் என்பது அந்த உயிர்களின் அனுபவம். தூண்டில் கடைக்காரன் கணக்குப் போட்டிருக்க வேண்டிய விஷயம். நான் போடவில்லை.

படிக்கட்டில் பொரி விற்கும் டோ கின் என் கையில் ராடைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“ஏய், இங்க என்ன தூண்டில்?”

“பாருங்க டோ கின், முள்ளே இல்ல.”

“முள்ளு இல்லாத தூண்டிலா! அதுக்கு ஏத்த மாதிரி மூளை இல்லாத ஆளு.”

ஊ மியின் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தார். நான் கீழ்ப்படியில் நின்று ராடைச் சுழற்றி வீசினேன். உலக்கையால் வீசினால் எப்படிப் போகுமோ அப்படித்தான் போனது. ரீலை விரலால் அமுக்க மறந்ததில் நூல் குருவிக்கூடு மாதிரிச் சிக்கிக்கொண்டது. ரப்பர் மீன் நடு வானத்தில் திடுக்கென்று நின்று, எனக்கு எதிரே தண்ணீரில் ‘தொப்’ என்று விழுந்தது.

குளம் கொதித்தது. நாலா பக்கத்திலிருந்தும் குளத்துவாசிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். ரப்பர் மீனின் வாலை எதுவோ கவ்வியது. ராடு வளையவில்லை. நான்தான் வளைந்தேன். ஒரு படி இறங்கினேன். இன்னொரு படி. முழங்கால், பிறகு இடுப்பு. அந்த நேரம் பார்த்து நான் கட்டியிருந்த லோஞ்சிக் கைலியின் முடிச்சு அவிழ்ந்தது. ஒரு கை ராடில், ஒரு கை இடுப்பில். மூன்றாவது கை எதற்கு வேண்டும் என்று மனிதனுக்கு அப்போதுதான் தெரிகிறது.

“அமலே! குளத்து மீனைத் திருடுறான்! ஓடியாங்க!” என்று டோ கின் கூவினாள். பூஜைக்கு வந்த கூட்டம் படியில் நிறைந்தது.

“சயா! இழுக்குது சயா! ராட்சச விரால்!” என்று நான் அலறினேன்.

“கொஞ்சம் மெதுவாச் சுத்து,” என்றார் ஊ மியின். “வால் ஆடுறது இங்கருந்து நல்லாத் தெரியுது.”

அடுத்து பெரிய பொங்ஜியே குடையோடு வந்துவிட்டார். மடத்துத் தலைவர். முத்தையா அண்ணன் வருஷா வருஷம் சோறு படைப்பது அவருக்குத்தான். கவுண்டரும் வாயாட்டமும் போய், தார் வாடையும் எலியும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

“தகா,” என்று பக்தர்களைக் கூப்பிடும் வழக்கப்படி கூப்பிட்டார் அமைதியாக, “எதுக்கு அந்தக் கம்பைப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க?”

“பயா, சாமி, என்னை உள்ள இழுக்குது, பயா!”

“அப்ப கம்பை விட்டுடுங்களேன்.”

அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. விட்டேன். ராடு தண்ணீருக்குள் படியில் விழுந்தது. அங்கேயே கிடந்தது. யாரும் அதை எங்கும் இழுத்துக்கொண்டு போகவில்லை. கூட்டம் ராடைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. நான் லோஞ்சியைக் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆமைத் தலை வெளியே வந்தது. வாயில் ரப்பர் வால். நாலு தரம் மென்றது, ருசி பிடிக்காமல் விட்டுவிட்டுப் போயிற்று.

“அது இங்க ரொம்ப காலமா இருக்கு,” என்றார் பொங்ஜி. “எது விழுந்தாலும் முதல்ல வாய் வைக்கும். முள்ளு கிள்ளு இருக்கா?”

“இல்ல பயா, கழட்டிட்டேன்.”

“இன்னிக்கு நீங்க யோசிச்சுப் பண்ணுன காரியம் அது ஒண்ணுதான்.”

டோ கின்னிடம் இருந்த பொரி முழுவதையும் ஊ மியின் வாங்கிக் குளத்தில் போட்டார். அதில் அவள் என்னை மன்னித்தாள். இனி எப்போது வருவேன் என்றும் கேட்டாள்.

4. அவுன்ஸ்

திங்கட்கிழமை ஊ மியின் கடைக்கு வந்து, நடந்ததை ஒன்று விடாமல் முத்தையா அண்ணனிடம் நடித்தே காட்டினார். லோஞ்சி அவிழ்ந்ததை மட்டும் இரண்டு தரம். பிறகு ரப்பர் மீன் நாலு எடுத்துக்கொண்டார். “மெதுவா இழுத்தா வால் நல்லா ஆடுது, அது போதும். இந்த ராடை வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் வாங்கணும்” என்று அதைத் திருப்பித் தந்தார்.

அவருக்கு வேண்டிய ராடை பாங்காக்கிலிருந்து வரவழைத்தோம். இந்த வேலைக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். முதலில் லூரைத் தராசில் வையுங்கள். பிறகு ராடில் லூர் எடை என்று அவுன்ஸில் எழுதியிருப்பதைத் தேடுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கால் கிலோ மீனுக்கு எட்டடி நீள ராடு, நுனி கொஞ்சம் வளைய வேண்டும். ரீல் மெதுவாகச் சுற்றுகிற, பல்சக்கரம் பெரிய ரீல். நூல் பின்னல் நூல். கையைச் சொடுக்காமல், ராடைப் பின்னால் சாய்த்து, லூரைத் தொங்கவிட்டு, முழு உடம்பாலும் தூக்கிப் போட வேண்டும். பவுண்டைப் பார்த்து மயங்காதீர்கள்.

அந்தச் செட்டோடு ஊ மியின் டெல்டா பக்கம் ஒரு கழிமுக ஓடைக்குப் போய்க் கொடுவா பிடித்தார். கடைக்குக் கொண்டுவந்து ரப்பர் மீனை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கொடுவா அதைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை. நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

என் வழக்குக்கு அண்ணன் தீர்ப்புச் சொன்னது அந்தத் திங்கட்கிழமையே.

“முழு செட்டு விக்கச் சொன்னேன். நீ பாதி வித்திருக்க.”

“பாதி வித்தேன்ல, அண்ணே!”

“அதான். பாதி கவுண்டர், பாதி கிடங்கு.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மழைக்காலம் முடியும்வரை காலையில் லான்மடாவில் லூர் விற்றேன். மதியச் சோறு ஆனதும் பஸ் ஏறி பசுந்தாங் போய் வலை எண்ணினேன்.