சூசை அண்ணை ருசி பார்க்காத பியர்

சூசை அண்ணை போய்விட்டார். இன்று மத்தியானம் ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால் போனில் எமில்டா அக்காவின் நான்கு மிஸ்ட் கோல்...

திருப்பி எடுத்தேன். "அண்ணை போயிட்டார் தம்பி" என்றார். 

தெரியாதவர்களுக்காக... எமில்டா அக்கா அவருடைய மனைவி. அண்ணை மன்னார்க்காரர். ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, சட்டனில் குடியிருந்தவர். பாண் சுடுகிற பாக்டரியில் எட்டு வருடம் எனக்குப் பக்கத்து பெல்ட்டில் நின்றவர்.

ஜெர்மனியில் அவருக்கு முதல் கிடைத்த வேலை ஹொப்ஸ் தோட்டத்தில். பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற பச்சைப் பூ அது. முதுகை முறிக்கிற வேலை. ஆனால் அந்தக் கொடியில் மனுசனுக்கு அப்படி ஒரு பைத்தியம்.

சட்டன் வீட்டுப் பின்வளவில் ஒரு ஹொப்ஸ் கிழங்கைப் புதைத்து, மேல்மாடி ஜன்னலிலிருந்து கயிறு கட்டி ஏற்றினார். ஓகஸ்ட் மாதம் கொடி கூரையின் தண்ணீர்ப் பீலியைத் தொட்டுவிடும். பூவைப் பறித்து, சும்மா கிடந்த அறையில் பெட்ஷீட் விரித்துக் காயப்போடுவார். அந்த வாரம் முழுக்க அவருடைய ஜாக்கெட்டிலும் அதே மணம்தான்.

பூத்ததைச் சும்மா விடுவாரா? பியர் காய்ச்சினார். விசேஷங்களுக்கு அக்கா சோறு வைக்கிற பெரிய பானையில். "எத்தினை தரம் மினுக்கினாலும் என்ர சோறு பியர் மணக்குது" என்று அக்கா புலம்பியதுதான் மிச்சம்.

இதில் விஷயம் என்னவென்றால்... அண்ணை குடிக்க மாட்டார். ஒரு சொட்டுக்கூட. மன்னாரிலிருந்து கடலால் தப்பி வந்த நாளில் மாதாவுக்கு வைத்த நேர்த்தி. உயிரோடு கரை சேர்ந்தால் இனி மதுவைத் தொடமாட்டேன் என்று.

"நாக்கில படக்கூடாது எண்டுதான் நேர்த்தி. காய்ச்சக்கூடாது எண்டு நான் சொல்லேல்லை" என்பார். மாதாவோடு சட்டம் பேசிய ஒரே ஆள் நான் அறிய அவர்தான்.

ஆகவே ருசி பார்க்கிற வேலை எனக்கு வந்தது.

முதல் போத்தலை மறக்க முடியாது. ஹொப்ஸைத் தராசில் நிறுத்துப் போட வேண்டும். அண்ணை கறிக்குக் கறிவேப்பிலை போடுகிற மாதிரிக் கைக்கணக்கில் அள்ளிப் போட்டிருந்தார். வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்பிடித் தம்பி?" என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"நல்லாயிருக்கு அண்ணை."

மூன்று வருடம் இதையே சொன்னேன். மூத்த மனுசன், ஆசையாய்ச் செய்கிறார்... முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? எனக்குப் பிடிக்கிறது என்று நம்பி, ஒவ்வொரு வருடமும் இன்னொரு பிடி கூடப் போட்டார்.

பிறகு எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். வெள்ளைக்காரர். கன்டீனில் பிரியாவிடை. "தம்பி, ஒரு பன்னிரண்டு போத்தல் கொண்டுபோகட்டோ?"

"தாராளமா அண்ணை." அந்தத் தாராளத்தை நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

சூப்பர்வைசர் ஒரு வாய் குடித்துவிட்டு "இன்ட்ரஸ்டிங்" என்றார். வெள்ளைக்காரர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் போய் சிங்கில் ஊற்றினார்கள். கப் கழுவப் போன அண்ணை அதைக் கண்டுவிட்டார்.

 பஸ்ஸில் வந்து சட்டனில் இறங்குகிற நேரம் சொன்னார்.

"நான் குடிக்கிறேல்லை தம்பி. உம்மட நாக்கை நம்பித்தான் செய்யிறன். இனிமேல் கைச்சால் கைக்குது எண்டு சொல்லும்."

"சொல்லுறன் அண்ணை."

சொன்னேன். கசந்ததைக் கசந்தது என்றே. அடுத்த வருடம் "கைக்குது." அதற்கடுத்த வருடம் "இன்னும் கைக்குது, ஆனா குடிக்கலாம்." அவர் கோபிக்கவே இல்லை. ஒரு சின்னத் தராசு வாங்கினார். நான் சொன்னதையெல்லாம் குசினிக் கலண்டரில் எழுதி வைத்தார்.

போன செப்டம்பரில் அவரால் ஏணியில் ஏற முடியவில்லை. இதயம். நான்தான் ஏறிப் பறித்தேன், கொடி கீறிக் கையெல்லாம் தடித்தது. அவர் கீழே கதிரையில் இருந்துகொண்டு "அது முத்தேல்லை, விடும்... இதை எடும்" என்று விரட்டினார்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு போத்தல் தந்தார். "அவசரமில்லை, ஆறுதலாக் குடிச்சிட்டுச் சொல்லும்."

நான் குடிக்கவில்லை. ஷிப்ட், ஓவர்டைம், பிள்ளைகளுக்குக் காய்ச்சல், திரும்பவும் ஷிப்ட்... போத்தல் கபேட்டில் அப்படியே கிடந்தது.

போன செவ்வாய் ஹொஸ்பிட்டலில் கிடந்த அண்ணையிடமிருந்து போன். குரல் இல்லை, காற்றுத்தான் வந்தது. "தம்பி... குடிச்சனீரோ?"

நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். இரண்டு ஷிப்ட் சேர்த்து நின்று கால் வீங்கிப்போய். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"ஓம் அண்ணை. நல்லாயிருக்கு."

"கைக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"உண்மையாவோ?"

"உண்மையா."

 "அப்ப சரி" என்றார். சந்தோசமாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கபேட்டைத் திறந்தேன். குசினியில் நின்றபடியே குடித்தேன். முழுப் போத்தலும்.

அடக்கப் பூசை எப்போது என்று தெரிந்ததும் இங்கே போடுகிறேன். தயவுசெய்து இப்போது அக்காவுக்குப் போன் எடுக்காதீர்கள், களைத்துப்போய் இருக்கிறார்.

அண்ணை... நல்லாயிருக்கு. குடிச்சிட்டுத்தான் சொல்லுறன்.

போயிட்டு வாங்கோ.