பின்னால் பூட்டிய கோட்டு

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிற வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு முறை உண்டு என்று சொல்லியே வீட்டாரைச் சலிக்க வைத்தவன். அதனால்தான் மனைவியின் தம்பி யோசேப்பு, கோட்டு வாங்கத் திருகோணமலைக் கடைத்தெருவுக்கு என்னையும் அழைத்துப்போனான். அவன் வேலையாக அடிக்கடி மோட்டார் சைக்கிளில் மூதூர் போய்வருபவன், குளிர்காற்றுப் பட்டால் மூச்சு இழுக்கும் தொய்வுக்காரன். மழைக்கும் பனிக்கும் ஒரே கோட்டு வேண்டும் என்றான்.

தடித்த கன்வஸ் துணியில், கம்பளி உள்துணி வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அத்தோடு விட்டேனா? நெஞ்சில் காற்றுப் படாதிருக்க முன்பின்னாக மாற்றிப் போடச் சொல்லி, முதுகில் பொத்தான்களைப் பூட்டியும் காட்டினேன்.

"இதென்ன அத்தான், ஒப்பரேசனுக்குப் போடுற சட்டை மாதிரிக் கிடக்கு! தனியக் கழட்டவும் ஏலாதே," என்று சிரித்தான்.

"வீட்டை போனா உன்ர மனிசி கழட்டி விடுவா. நீ நெஞ்சைப் பார்," என்றேன்.

அந்த மாரியில் மூதூர் போகிற வழியில் ஆறு பெருகியிருந்தது. வண்டிகளை அக்கரை சேர்க்கும் மிதவையைப் பாதை என்போம்; யோசேப்பு ஏறிய பாதை நடு ஆற்றில் சரிந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். யோசேப்பும் நன்றாக நீந்துவான். நனைந்த கோட்டு அவனைக் கீழே இழுத்துவிட்டது. கரையில் கிடத்தியபோதும் முதுகில் பொத்தான்கள் பூட்டியபடியே இருந்தன. நான்தான் கழற்றினேன்.

இப்போது கோட்டை நேராகத்தான் போடுகிறேன். நெஞ்சுக்குப் பழைய பத்திரிகைத்தாள் போதும். பாதையில் ஏறுமுன் கோட்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன். முதுகில் பூட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கும் கேட்காமலே கழற்றி விடுகிறேன்.

"ஐயாவுக்கு விசர் பிடிச்சிட்டுது," என்று சிரிக்கிறார்கள். அக்கரை போயும் சிரிக்கட்டும்.