மம்பட்டி மேடமும் நகராத ஆட்களும்

"கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று நிலத்துக்காரரின் காலடியிலேயே மண்வெட்டியை ஓங்குகிறார் அவர். மண் பரிசோதனை அலுவலகத்தில் பதினெட்டு வருடம். கோடைக் காய்கறிக்கு நிலம் தேறுமா, தேறாதா என்று எழுதிக் கொடுப்பது வேலை. கூட வேலை பார்க்கிற நாங்கள் வைத்த பெயர் மம்பட்டி மேடம். காதில் விழுந்தபோது, "மேடம்னு மரியாதையாத்தானே சொல்றாங்க" என்றார்.

அவர் கணக்கு எளிது. நிலத்துக்காரர் எந்த இடத்தை விட்டு நகர மறுக்கிறாரோ, அங்கேதான் மோசமான மண் இருக்கும். பையில் மண் கொண்டு வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எருக்குழி ஓரத்தில் அள்ளி, சலித்து, பவுடர் பூசாத குறையாக நீட்டுவார்கள். "இவ்ளோ நல்ல மண்ணு வச்சிருக்கீங்க, அப்புறம் என்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்பார் மேடம்.

மண்ணில் எச்சில் துப்பிப் பிசைவார். களி எவ்வளவு என்று அறிய, விரலிடுக்கில் நாடாவாக இழுத்துப் பார்ப்பார். அதே கையால் பிஸ்கட் எடுத்து நமக்கும் நீட்டுவார். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் அவர் தோண்டப் போனது சொந்தத் தம்பியின் குத்தகை நிலம். தம்பி கம்பெனி வேலையை உதறிவிட்டு, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நாலாயிரம் தக்காளி நாற்று வாங்கி நிழலில் அடுக்கியிருந்தார். இரண்டு நாளில் நடாவிட்டால் அத்தனையும் வீண். கிணற்றுக்குத் தெற்கே போய் நின்றவர் அசையவில்லை.

"தள்ளுடா."

"அக்கா, அந்தப் பக்கம் பாரேன்."

"தள்ளுடான்னா!"

ஒரு முழத்துக்குக் கீழே இறுகிய களி. குழியில் ஊற்றிய ஒரு குடம் தண்ணீர் முக்கால் மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றது. அடுத்த இரண்டு குழிகளிலும் அதே கதைதான்.

"வேர் அழுகிடும்டா. தக்காளி வராது."

"நீ கையெழுத்துப் போட்டாத்தான் மானியத்துல சொட்டுநீர்க் குழாய் தருவாங்க. தம்பிக்காக இதக்கூடச் செய்ய மாட்டியா?"

"உன் அக்கா சொன்னான்னு தண்ணி கீழ இறங்குமா?"

தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தம்பி தாளை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று குழியோடு ஆபீஸ் வேலை முடிந்தது. ஜீப் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மேடம் அதைக் காதில் வாங்காமல், ஒரு நாற்றுத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிலத்தின் மறுகோடிக்கு நடந்தார். தட்டை நிழல் பார்த்து இறக்கி வைத்துவிட்டு, நான்காவது குழியை வெட்ட ஆரம்பித்தார்.